ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின காரை வாங்கலாமா?

என்னிடம் அசிஸ்டென்டாக இருந்த தம்பி ஒருவன் இப்போது தனியாக ஆர்டர் எடுக்கிறான். போன வாரம் போன் போட்டு, “அண்ணே, ஒரு டீசல் டிசையர் வந்திருக்கு. ஒண்ணு தொண்ணூறு ஓடிருக்காம். எடுக்கலாமா?” என்றான். ஒண்ணு தொண்ணூறு என்றால் 1,90,000 கிலோமீட்டர். “ஓடுனா ஓடிட்டுப் போகுது. அது நெசமாவே ஒண்ணு தொண்ணூறுதானா?” என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் கல்யாண போட்டோகிராபர். முகூர்த்த மாதங்களில் வண்டி இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும். பழனியில் காலை நாலரை முகூர்த்தம் என்றால் ராத்திரி ரெண்டு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஒட்டன்சத்திரம் தாண்டி இருட்டில் வண்டி நின்றால் போச்சு, எனக்காகத் தாலியை இன்னொரு தடவை கட்ட மாட்டார்கள். புது வண்டிக்குக் காசும் கிடையாது. அதனால் எனக்கு வாய்த்தவை எல்லாம் நிறைய ஓடின வண்டிகள்தான்.

முதல் வண்டியில் ஏமாந்தேன். மீட்டர் 68,000 காட்டிய ஒரு டீசல் கார். பளபளவென்று இருந்தது. இன்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற இன்னும் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாலாவது மாதம் செம்பட்டி பக்கத்தில் பெல்ட் அறுந்தது. வால்வு எல்லாம் வளைந்து, ஹெட்டைக் கழற்றி வேலை செய்ய 46,000 ரூபாய். பட்டறையில் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றியபோது அதன் பின்னால் ஒட்டியிருந்த அட்டையை மெக்கானிக் என் கையில் கொடுத்தார். ஆயில் மாற்றும் கடைகளில் மார்க்கர் பேனாவால் எழுதிக் கட்டுவார்களே, அந்த அட்டை. “அடுத்த ஆயில்: 1,52,000” என்று எழுதி, நான் வாங்குவதற்கு ஒன்றரை வருஷம் முந்தைய தேதி போட்டிருந்தது.

வண்டி ஒன்றரை லட்சம் ஓடியிருந்ததில் எனக்கு நஷ்டமே இல்லை. அது தெரிந்திருந்தால் வாங்கிய அன்றே பெல்ட்டை மாற்றியிருப்பேன். மீட்டர் சொன்ன பொய்தான் 46,000 ரூபாயைத் தின்றது. அதற்குப் பிறகு, நிறைய ஓடிய வண்டி என்று கேட்டால் நான் பயப்படுவதில்லை. குறைவாக ஓடிய பழைய வண்டி என்று யாராவது சொன்னால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

காசை முதலில் பிரித்து வையுங்கள்

கையில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கை வண்டிக்காரரிடம் காட்டாதீர்கள். இரண்டாவது வண்டி வாங்கும்போது என்னிடம் 3,40,000 இருந்தது. 2,80,000-தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து வருஷத்தை ஒட்டிய வண்டிக்குக் கடன் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வட்டி ஜாஸ்தி. ஆகவே கைக்காசுதான் கணக்கு.

அந்த அறுபதாயிரம் எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் செட்டு, கூலியோடு 11,500. முன்பக்க சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம், லிங்க் ராடு, புஷ் 7,800. இரண்டு டயர் 9,000. இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் 6,700. பேட்டரி 5,400. கூட்டினால் 40,400. இதற்கு மேல் பேர் மாற்றும் செலவு. இன்ஷூரன்ஸில் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சிசி வரையிலான காருக்கு மூன்றாம் நபர் கட்டணம் மட்டும் 2022-ல் 3,416 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் நாலாயிரத்தைத் தாண்டும். விற்பவர் “நோ கிளெய்ம் போனஸ் அம்பது பர்சென்ட் இருக்கு” என்று சொன்னால் மயங்காதீர்கள். இன்ஷூரன்ஸில் நஷ்டஈடு கேட்காதவருக்குக் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. மிச்சம் இருந்த காசை ஏழாவது மாதம் ஏசி கம்ப்ரஸர் வாங்கிக்கொண்டது.

இன்னொன்று. மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் நிறைய ஓடிய டீசல் பக்கம் போகவே வேண்டாம். இன்ஜெக்டர், டர்போ, ஹை பிரஷர் பம்ப் என்று விலை கூடிய பாகம் எது போனாலும், டீசலில் மிச்சம் பிடித்த காசு அதோடு போய்விடும். அவர்களுக்குச் சின்னப் பெட்ரோல் வண்டியே போதும்.

வண்டியைப் பார்க்கும் முன் நம்பரைப் பாருங்கள்

புரோக்கர் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பியதும் டீக்கடையில் உட்கார்ந்து அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போடுவேன். முதலில் எத்தனையாவது ஓனர் என்று பார்ப்பேன். ஃபைனான்ஸ் இன்னும் நிற்கிறதா என்பது அடுத்தது. நின்றால் கடன் கொடுத்தவரிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. “அது நாங்க பண்ணித் தந்துர்றோம்” என்பது பேச்சே இல்லை. பதிவு எந்தத் தேதி வரை என்பதையும் பார்க்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம், அதற்கு மேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், அப்போது பசுமை வரியும் சேரும். இ-சலானில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

வண்டி எந்த வகை என்று எழுதியிருப்பதையும் விடாதீர்கள். ‘மோட்டார் கேப்’ என்றால் டி போர்டு, அதாவது டாக்ஸி. டி போர்டை ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோக வண்டியாக மாற்றி விற்பது நம் ஊரில் சாதாரணம், அதில் தப்பும் இல்லை. மறைத்து விற்பதுதான் தப்பு. மாற்றிய பிறகு ஆப்பில் அது தெரியாமல் போகலாம். ஆனால் வண்டியில் தெரியும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

வெளி மாநில வண்டி சல்லிசாக வரும். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தடை வந்த பிறகு, ஒன்பது வருஷ டீசல்கள் நிறையத் தெற்கே இறங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சல்லிசு காணாமல் போகும். நான் வேண்டாம் என்றே விடுவேன்.

மீட்டர் பொய் சொன்னால் எது உண்மை சொல்லும்?

டிஜிட்டல் மீட்டரை லேப்டாப்பை மாட்டிப் பத்து நிமிஷத்தில் குறைத்துவிடுகிறார்கள். ஆகவே மீட்டரைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் மனுஷக் கணக்கு. 2012, 2013-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசத்துக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் எடுத்தவர், மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டவா எடுத்தார்? 2013 மாடல் டீசல் அறுபதாயிரம்தான் ஓடியிருக்கிறது என்றால் அதற்கு ஒரு கதை இருக்க வேண்டும். கதையைக் கேளுங்கள். “வெளிநாட்டுல இருந்தாரு” என்பதைப் பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள்.

அடுத்து ரப்பர். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரில் கோடு தேய்ந்து மழமழவென்று இருந்தால் ஒரு லட்சம் தாண்டியாயிற்று. பெடல் ரப்பர் மட்டும் புதுசாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங்கில் மேலே வலது கை வைக்கும் இடம், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் வலது ஓரம் (இறங்கும்போது இடுப்பு உரசுகிற இடம்) இவை எல்லாம் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும்.

சொந்த வண்டியில் பின் இடது கதவு அதிகம் தேயாது. டாக்ஸியில் எல்லோரும் ஏறி இறங்குவது அந்தக் கதவு வழியாகத்தான். கைப்பிடியின் உள்பக்கம் நகக் கீறல், கால் வைக்கும் விளிம்பில் பெயின்ட் உரிந்த இடம், பின் சீட்டில் இடது பக்கம் மட்டும் பள்ளம், டேஷ்போர்டில் மீட்டரும் போன் ஸ்டாண்டும் மாட்டிய ஓட்டை, பசைத் தடம். இத்தனையும் இருந்து “ஒரே ஓனர், டாக்டர் வண்டி” என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

டயரின் ஓரத்தில் நாலு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிற வண்டியில் நாலு டயரும் வண்டியைவிடப் புதிய தேதியில் இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாகக் காகிதம். கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டி என்றால் ஓனரையே கூட்டிக்கொண்டு போய் நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று இருக்கும். வெளியில் சர்வீஸ் விட்டிருந்தால் பில்லைக் கேளுங்கள். பானெட்டைத் திறந்ததும் அந்த ஆயில் அட்டையைத் தேடுங்கள். ஏர் ஃபில்டர் பின்னால், பேட்டரி ஓரத்தில், டேஷ்போர்டு பெட்டிக்குள், எங்கேயாவது ஒன்றை மறந்திருப்பார்கள்.

எனக்கு இரண்டாவது வண்டி அமைந்தது இப்படித்தான். சின்னாளபட்டியில் சேலை வியாபாரம் செய்கிற பெரியவர். அடிக்கடி பெங்களூர் போய் வந்த 2013 மாடல் டிசையர், 1,86,000. மூன்று பேர் மீட்டரைப் பார்த்துவிட்டே திரும்பிப் போயிருந்தார்களாம். “தம்பி, நான் எதையும் மறைக்கல, நீங்களே பாருங்க” என்று ஒரு நீளநோட்டை எடுத்து வந்தார். டீசல் போட்ட தேதி, லிட்டர், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர். ஒன்பது வருஷம். நடுவில் ஒரு பக்கத்தில் “கிளட்ச் மாற்றியது, 94,210” என்று சிவப்பு மையில். வண்டியைப் பார்க்கும் முன்பே எனக்குப் பாதி மனசு விழுந்துவிட்டது.

எந்த இன்ஜின்

அந்த டிசையரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல். ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா என்று ஏகப்பட்ட வண்டிகளில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனால் பாகம் இன்றைக்கும் சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெல்ட் இல்லை, டைமிங் செயின். செயினுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கெடு கிடையாது. ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்றாதவன் வண்டியில் செயின் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கரகரவென்று சத்தம் வரும்.

பெல்ட் உள்ள வண்டி என்றால், உதாரணத்துக்கு டஸ்டரின் 1.5 டீசல், பழைய இன்னோவாவின் 2.5 டீசல், பெல்ட் மாற்றிய பில் கேளுங்கள். இன்னோவாவில் அது ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் வரும் வேலை. பில் இல்லையா, மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தக் காசை விலையில் குறையுங்கள். செம்பட்டியில் நின்றவன் சொல்கிறேன்.

எந்த மாடலானாலும் உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிளட்ச் செட்டும் லோயர் ஆர்மும் கையிருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். “ஆர்டர் போடணும்” என்றால் யோசியுங்கள்.

காலையில், ஆறிய இன்ஜினோடு

“பத்து மணிக்கு வாங்க” என்பார்கள். ஏழு மணிக்குப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், காரணம் இருக்கும்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் பக்கம் ஒருவரை நிற்க வையுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் இனித்த வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கட் பக்கம் வேலை. மிதித்தால் கரும்புகை கொட்டினால் இன்ஜெக்டரோ டர்போவோ பார்க்க வேண்டும்.

இப்போது நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அந்த ஓட்டை மேலேயே தலைகீழாகச் சும்மா வையுங்கள். இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. நல்ல இன்ஜினில் மூடி லேசாக நடுங்கும், அவ்வளவுதான். பிஸ்டன் ரிங்கு தேய்ந்த இன்ஜினில் உலை மூடி மாதிரி தடதடவென்று குதிக்கும், புகை புஸ்புஸ்ஸென்று வரும். குதித்தால் இன்ஜின் இறக்கும் வேலை இருக்கிறது. விலை பேசவே வேண்டாம். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், மாற்றிய இரண்டாம் நாளே கறுத்துவிடும். மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்துப் படிந்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயின்டைப் பார்க்க நான் கல்யாணத்துக்குக் கொண்டு போகும் எல்இடி லைட்டை எடுத்துப் போவேன். உங்களுக்கு டார்ச் போதும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல், கதவோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். கம்பெனி பெயின்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரே சீரான பொடிப் புள்ளி தெரியும். டிங்கரிங் செய்து பட்டி போட்ட இடத்தில் வெளிச்சம் அலை அலையாக வளையும். ஒன்பது வருஷ வண்டியில் இரண்டு கதவு பெயின்ட் அடித்திருந்தால் அது ஊர் வழக்கம். கூரையும் கதவுக்கு நடுவில் நிற்கும் தூணும் பெயின்ட் அடித்திருந்தால் வண்டி உருண்டிருக்கலாம்.

நடுவில் ஒரு வண்டியை விட்டுவிட்டு வந்தேன். 2014 மாடல், சென்னைப் பதிவு, 92,000, உள்ளே மல்லிகைப்பூ வாசம் அடித்தது. அந்த வாசம்தான் இடித்தது. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தேன். நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த வண்டல், தேநீர்க் கறை மாதிரி கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட் கவர், தரைவிரிப்பு எல்லாம் மாற்றியவர்கள் பெல்ட்டை முழுசாக இழுத்துக் கழுவ மறந்திருந்தார்கள். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் தண்ணீர் புகுந்த வண்டிகள் எத்தனையோ. அந்தப் பக்கத்துப் பதிவு என்றால் பெல்ட்டை இழுக்காமல் வராதீர்கள்.

மலை ஏற்றுங்கள்

பைபாஸில் நாலு வழிச்சாலையில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நான் சிறுமலைக்கு ஏற்றுவேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, ஏசி போட்டு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு. பாதி மலையிலேயே வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். வெப்ப முள் நடுவைத் தாண்டுகிறதா, ரெண்டாம் கியரில் டர்போ இழுக்கிறதா, மிதித்தால் இன்ஜின் கத்துகிறதே தவிர வேகம் கூடவில்லையா (அப்படியென்றால் கிளட்ச் போகிறது). இறங்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா. வளைவில் முன் சக்கரம் பக்கம் கடகட, மடமட சத்தங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். விற்பவர் பாட்டுப் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கீழே வந்ததும் ஐந்து நிமிஷம் அணைத்து வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆறிய இன்ஜின் பட்டென்று எடுத்து, சூடான இன்ஜின் இழுத்து இழுத்து எடுத்தால் இன்ஜெக்டர் செலவு வருகிறது.

பெரியவரின் வண்டி மலை ஏறியது. கிளட்ச் கொஞ்சம் மேலேதான் பிடித்தது. நேரே நத்தம் ரோட்டில் என் மெக்கானிக் பட்டறைக்கு விட்டேன். விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள். உங்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து, வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். என் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, “இன்ஜின் கெட்டி தம்பி. கீழ வேலை இருக்கு. கிளட்ச் மூணு மாசம் தாங்கும், அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க” என்றார். எது எது எவ்வளவு ஆகும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினேன்.

பெரியவர் கேட்டது 3,10,000. நான் குறைத்துக் கேட்கவில்லை, சீட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டி வரிவரியாகப் படித்தார். “டயர் ரெண்டுதான் போடணும், நாலு எழுதிருக்காரு” என்றார். நியாயம்தான். 2,72,000-க்கு முடிந்தது. வண்டி சுத்தமில்லை என்று வாயால் அடித்துப் பேசினால் ஓனருக்குக் கோபம்தான் வரும், சீட்டுக்குக் கோபம் வராது. அந்தச் சீட்டில் வந்த செலவும் ஓனர் கடைசியாகச் சொல்லும் விலையும் சேர்ந்து உங்கள் கையில் இருக்கும் மொத்தக் காசைத் தாண்டினால், இன்ஜின் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு வண்டி வரும்.

பணம் கொடுக்கும்போது பேர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் உங்கள் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் பதினாலு நாளுக்குள் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். “பேரு அப்புறம் மாத்திக்கலாம்” என்று ஆறு மாதம் ஓட்டாதீர்கள், இடையில் விபத்து ஏதும் நடந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல். சாவி எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் வாங்குங்கள்.

வண்டி ஒப்படைத்த சீட்டில் தேதி மட்டும் எழுதினால் போதாது, மணியையும் எழுதுங்கள். அன்றைக்குக் காலையில் அவர் மீறிய சிக்னலுக்கு நீங்கள் அபராதம் கட்ட வேண்டாம், சாயங்காலம் நீங்கள் இடித்ததற்கு அவர் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். எங்கள் சீட்டில் “மாலை 4.40, மீட்டர் 1,86,412” என்று பெரியவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்ததும் அந்த நீளநோட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.